முதலில் வெளிக்கிட்ட றைஸ் குக்கர்

எங்கள் பயணக் கந்தோருக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, என் பிரியாவிடையில் கேக் வெட்டி முடித்ததும் உங்களில் ஒருத்தி கேட்டாள்: "ஜெசியக்கா, இந்த வேலைக்கு முக்கியமா என்ன தெரிஞ்சிருக்க வேணும்?" அந்த நேரம் என் வாயில் கேக் இருந்தது. மனதில், வீட்டு அடுப்பை நிறுத்திவிட்டு வந்தேனா என்ற கேள்வி இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு புத்தி சொல்ல முடியாது. பிறகு போய்ப் பார்த்தேன், அடுப்பு நின்றுதான் இருந்தது. ஆகவே இப்போது சொல்கிறேன்.

பயப்படத் தெரிய வேண்டும்.

ரிக்கற் போடுவதைக் கணினி பழக்கிவிடும். மன்னாரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கே அது பழக்கிவிட்டது. ஆனால் ஒரு மனுசன் மொன்றியலில் ஏறி, உலகத்தின் அடுத்த பக்கத்தில் இறங்கி, மலையில் நின்று குளிர்தண்ணீரில் முழுகி, சளி பிடிக்காமல், பெட்டி தொலையாமல், பெண்சாதியோடு இன்னும் பேச்சுவார்த்தை உள்ள நிலையில் திரும்பி வருவதற்கிடையில் என்னென்ன பிழைக்கலாம் என்று யோசித்துப் பயப்படக் கணினிக்கு இன்னும் தெரியாது. அதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

நான் பிறவியிலேயே பயந்தவள். விமானம் ஏறுகிறவர் நிம்மதியாக நித்திரை கொள்வார். அவருக்கு ரிக்கற் போட்ட நான் இங்கே கோட்-டெ-நெய்ஜ் வீட்டுக் கட்டிலில் இருந்து அந்த விமானத்தை மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருப்பேன். இத்தனை வருடமாக ஒன்றும் விழவில்லை. அதில் என் பங்கும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தப் பயத்துக்கெல்லாம் கடைசி வருடத்தில் ஒரு சோதனை வந்தது. நேபாளம். ஒரு நாட்டுக்கு ஒரே வருடத்தில் இவ்வளவும் வருமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். வசந்தத்தில் காட்டுத்தீப் புகை. அதே நாட்களில் ராஜா திரும்பி வரவேண்டும் என்று ஊர்வலம், ஊரடங்கு. செப்டெம்பரில் அரசாங்கமே விழுந்தது. ஒக்டோபர் மழையில் கிழக்குப் பக்கம் மலை சரிந்தது. நம்முடைய சனம் அந்த வருடத்தைப் பார்த்துத்தான் "ஜெசி, நேபாளத்துக்கு ஒரு குறூப் போடு" என்று வந்து நின்றது.

சம்பவத்துக்குப் போகமுதல் உங்களுக்கு விளங்காத ஒரு விசயத்தைச் சொல்லிவிடுகிறேன். வந்த முதல் கிழமையே கவுண்டருக்குப் பின்னால் கிடக்கிற கைப்பைகளைப் பார்த்து, "இது ஆர் மறந்துபோட்டுப் போனது?" என்று கேட்டீர்கள். ஒருவரும் மறக்கவில்லை. விமானம் இராகு காலம் பார்த்துப் பறப்பதில்லை அல்லவா? அதனால் பயணம் போகிறவர்கள் முன்கூட்டியே ஒரு நல்ல நேரம் பார்த்துத் தங்கள் சாமான் ஒன்றை வேறோர் இடத்தில் கொண்டுபோய் வைப்பார்கள். சாமான் வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட மாதிரி. பிறகு எந்த நேரத்தில் படி இறங்கினாலும் தோசமில்லை. ஊரில் என்றால் அடுத்த வீட்டில் வைப்பார்கள். இங்கே அடுத்த கதவில் இருப்பவரிடம் போய், "போன்ஜூர், இந்தப் பையை வைத்திருங்கள், இராகு வருகிறார்" என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? ஆகவே எங்கள் கந்தோர்.

நான் வேதக்காரி. எனக்கு இராகுவும் தெரியாது, கேதுவும் தெரியாது. தொலைந்த சாமான் எடுத்துத் தருகிற அந்தோனியாரைத் தெரியும். ஆனாலும் ஒருநாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஒருவர் குடை கொண்டுவந்து வைப்பார். இன்னொருவர் அவசரத்தில் ஒற்றைச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதோடு பஸ் ஏறினார். சிரிக்காமல் வாங்கி வையுங்கள். சிரிப்பதானால் பஸ் வெளிக்கிட்ட பிறகு சிரியுங்கள்.

இனி நேபாளம். சித்திரையில் போன குறூப்புக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டேன். "விடிய எழும்பி ஜன்னலைத் திறந்தால் இமயமலை முன்னுக்கு நிக்கும்." அடுத்த கிழமை போக்கராவில் இருந்து ஒரு அம்மா அழைத்தார்.

"ஜெசி, ஜன்னலைத் திறந்தன்."

"எப்பிடி அன்ரி, வடிவா இருக்கோ?"

"எதிர்வீட்டுக் கொடியிலை காயுற சாரம் நல்லா வடிவாத் தெரியுது. மலையைத்தான் காணேல்லை."

அத்தனையும் புகை. நாலு நாளாக ஒரு மலையும் இல்லை. எல்லாரும் என்னைத் திட்டுவதற்கு ஒழுங்குமுறை வைத்து அழைத்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் அங்கே எங்களுக்கு வழிகாட்டியாக இருந்த பிஷ்ணு தன் கைவரிசையைக் காட்டினான். பிஷ்ணு நேபாளிதான். ஆனால் இளமையில் சென்னையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா அடித்தவன். அவன் பேசுகிற தமிழைக் கேட்டால் நம்முடைய ஆட்கள், "இவன் என்ன, படத்திலை வாறவன் மாதிரிக் கதைக்கிறான்" என்று வாய் பார்ப்பார்கள். அவன் எல்லாரையும் மொட்டைமாடிக்கு ஏற்றி, புகைக்குள் விரலை நீட்டினானாம். "இது அன்னபூர்ணா. அப்படியே லெஃப்ட்ல பாருங்க, மச்சாபுச்ரே. மீன் வால் மாதிரி இருக்கும், நல்லா பாருங்க." எல்லாரும் நல்லா பார்த்தார்கள். படமும் எடுத்தார்கள். அந்த அம்மா இன்றைக்கும் மொன்றியலில் லாசால் பக்கத்துப் பிறந்தநாள் வீடுகளில் ஒரு சாம்பல் நிறப் படத்தைக் காட்டி, "இந்த இடத்திலை கொஞ்சம் வெள்ளையாத் தெரியுதெல்லோ, அதுதான்" என்கிறார்.

மலையை ஒருநாளும் வாக்குக் கொடுக்காதீர்கள், பிள்ளைகளே. மலை உங்கள் சம்பளத்தில் வேலை செய்யவில்லை. சுட்டிக்காட்ட அங்கே ஒரு விரல் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

ஆடி முடிகிற நேரம் கமலாக்கா வந்தார். லாசாலில் இருக்கிறவர். ஒரு கார்டறீயில் பிள்ளைகள் பார்க்கிற வேலை. அந்தப் பழக்கத்தில் உலகத்திலுள்ள எல்லாரையும் மூன்று வயதுக்காரராகவே நடத்துவார். மகள் அபிக்குச் சம்பந்தம் பொருந்தினால் நேபாளத்து முக்திநாத் கோயிலில் உள்ள நூற்றெட்டுத் தண்ணீர்த்தாரையிலும் முழுகுவேன் என்று நேர்ந்திருந்தாராம். பொருந்திவிட்டது.

"கலியாணம் எப்ப?"

"ஆவணி கடைசி ஞாயிறு."

"அப்ப கலியாணத்துக்குப் பிறகு போவமே அக்கா, மழையும் விட்டிடும்."

"சாமியோடை கதைச்சது கலியாணத்துக்கு முன்னம் எண்டு. கதையை மாத்தேலுமே?"

"அப்ப கலியாணத்தைத் தள்ளுவம்."

"ஹோலை ஆர் தருவான், உங்கட அந்தோனியாரோ?"

அது உண்மைதான். மொன்றியலில் முகூர்த்தத்தை ஐயர் குறிப்பதில்லை, மண்டபக்காரன் குறிக்கிறான். ஆவணி விட்டால் புரட்டாதி. புரட்டாதியில் கலியாணம் செய்யமாட்டார்கள். கமலாக்கா அந்த ஞாயிறுக்கு முன் வந்தேயாக வேண்டும். தாரை வார்க்கிற நேரம் அப்பா மகளின் கையை மாப்பிள்ளையின் கையில் வைக்க, அம்மா செம்பில் இருந்து தண்ணீர் வார்க்க வேண்டும். அந்தச் செம்பைப் பிடிக்க இன்னொருவரை நாங்கள் ரிக்கற் போட்டு எடுப்பிக்க முடியாது.

கிழமை நடுவில் வந்திறங்குகிற மாதிரி ரிக்கற் போட்டேன். ஒரு டசின் பேர் சேர்ந்தார்கள். தலைவராகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்டவர் கமலாக்காவின் தமையன் தில்லையண்ணை. நாள் நேரம் பார்க்காமல் தலைமயிர் வெட்டாதவர். வேற்றுநாட்டுச் சோறு வயிற்றுக்குச் சரிவராது என்று தன் றைஸ் குக்கரை ஒரு பெட்டியில் கட்டிக் கையோடு கொண்டுபோனார்.

நான் என் கடமைப்படி பயந்தேன். மழை, மண்சரிவு, மூச்சுத்திணறல், முழுகி ஈரத்தோடு நின்று காய்ச்சல், சிறிய விமானம் பறக்காமல் விடுவது, தில்லையண்ணை பறக்கவிடாமல் செய்வது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று வைத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. மலை நின்றது, விமானம் பறந்தது, நூற்றெட்டிலும் முழுகினார்கள். பயத்தை எல்லாம் வீணாக்கிவிட்டேனே என்று இருந்தபோது, நான் பயப்பட மறந்த ஒன்று வந்தது.

வாட்ஸப் நின்றது. தாங்கள் சொன்ன பதிவைச் செய்யவில்லை என்று வாட்ஸப், பேஸ்புக், யூடியூப் எல்லாவற்றையும் அந்த நாட்டு அரசாங்கம் ஒரேயடியாக மறித்துவிட்டது. அரசாங்கம் மறித்தது அங்கே. வெடித்தது என் மேசையில். அம்மாவுக்கு அனுப்பிய செய்தியில் ஒற்றைச் சரிக்குறி மட்டும் நிற்கிறது என்று ஒரு டசின் வீட்டுப் பிள்ளைகளும் என்னைப் பிடித்துவிட்டார்கள். ஒரு பையன், "அன்ரி, அப்பா இருக்கிறாரோ?" என்று கேட்டான். இரண்டு வருடமாக அந்த அப்பாவோடு கதைக்காதவன் அவன்.

தில்லையண்ணையின் தொலைபேசியில் வைபர் என்ற பழைய செயலி இருந்தது. "இன்னும் அதையே வச்சிருக்கிறியள்?" என்று அதற்குமுதல் எல்லாரும் பகிடி பண்ணியிருந்தோம். அரசாங்கம் மறிக்காமல் விட்டதில் அதுவும் ஒன்று. மூன்று நாட்களாக ஒரு டசின் குடும்பத்தின் சுகதுக்கமும் தில்லையண்ணையின் வாயால்தான் வந்தது. மனுசன் அதை நன்றாக அனுபவித்தார். "மனிசி சொல்லச் சொன்னவ, குப்பை வாளியை வெளியிலை வைக்கட்டாம். நான் அதோடை ஒண்டு சேர்க்கிறன், தாடியை வழிக்கட்டாம்."

அந்தச் சிரிப்பு குறூப் காத்மண்டுவுக்குத் திரும்பி வந்த அன்று நின்றது. அந்த மறிப்பையும் ஊழலையும் எதிர்த்து அங்கே இளம் பிள்ளைகள் தெருவில் இறங்கியிருந்தார்கள், துப்பாக்கிச் சூடு விழுந்திருந்தது. அடுத்த நாள் பாராளுமன்றம் எரிந்தது. விமான நிலையத்தை மூடினார்கள். அன்றிரவுதான் எங்கள் ஆட்களின் விமானம். நான் இந்தக் கதையைச் சிரிக்கச் சிரிக்க எழுதினாலும், அந்த இரண்டு நாட்களில் அந்த ஊரில் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகள் வீடு திரும்பவில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

காலையில் கந்தோரைத் திறக்கப் போனால் அபி கதவடியில் நின்றாள். கையில் கலியாணத்துக்கு வாங்கிய வளையல் பெட்டி. அழுது முகம் வீங்கியிருந்தது.

"ஜெசி அன்ரி, அம்மா இல்லாட்டி நான் மணவறையிலை இருக்க மாட்டன். சே ஃபினி, முடிஞ்சுது."

"இரு பிள்ளை. விமான நிலையம் திறப்பினம்."

"நீங்கள் பயப்பிடேல்லைத்தானே?"

நான் பயத்தில் வலது இடது மாற்றிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அவள் பார்க்காதபடி காலை மேசைக்குக் கீழே இழுத்துக்கொண்டு, "சீ, இல்லை" என்றேன். பிள்ளைகளே, உங்கள் பயம் உங்கள் கருவி. தச்சன் உளியைக் காட்டிக் கதிரை விற்பதில்லை.

விமான நிறுவனத்துக்கு அழைத்தால் ஒரே சங்கீதம். அந்தச் சங்கீதத்தை இன்றைக்கும் என்னால் பாட முடியும். கடைசியில் விமான நிலையம் திறந்த செய்தி வந்தது. பிஷ்ணு அழைத்தான்.

"அக்கா, ஏர்லைன் ஆபீஸ்ல கேட்டேன். நாளைக்கு சாயங்காலம் ஒரு ஃப்ளைட் இருக்கு. ஆனா மிஸ் பண்ணவங்க நெறைய பேரு. கவுண்டர்ல யாரு முன்னாடி நிக்கிறாங்களோ அவங்களுக்குத்தான் சீட்டு. டிக்கெட் காட்டுனா ஊரடங்குல வுடுறாங்க. வண்டி ஏற்பாடு பண்றேன்."

"அதை விட்டால்?"

"அடுத்தது எப்போன்னு அவங்களுக்கே தெரியாதுக்கா."

கணக்குப் போட்டேன். அந்த விமானத்தில் ஏறினால், நடுவில் காத்திருந்து மாறினாலும், சனிக்கிழமை மொன்றியலில் டோர்வல் விமான நிலையத்தில் இறங்கலாம். ஏறாவிட்டால் செம்பைப் பிடிக்க ஆளில்லை.

அடுத்த நாள் அங்கே மத்தியானம் திரும்பியிருந்தது. இங்கே விடியப்போகிற நேரம். நான் தேத்தண்ணியும் செபமாலையுமாகக் குசினியில் இருந்தேன். பிஷ்ணு அழைத்தான்.

"அக்கா, வண்டி வாசல்ல நிக்குது. எல்லாரும் ரெடி. தில்லை சார் மட்டும் சோபாவ வுட்டு எந்திரிக்க மாட்டேங்குறாரு. அவரு வராம தங்கச்சியம்மாவும் வரமாட்டாங்களாம்."

"ஏனாம்?"

"ராகு காலமாம்க்கா. எங்க ஊர்லயும் ராகு இருக்காரு. ஆனா ஊரடங்குல அவரே வெளிய வரமாட்டாரு."

வியாழக்கிழமை. இராகு காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அது முடியும்வரை இருந்தால் கவுண்டரில் முன்னுக்கு நிற்க முடியாது. தொலைபேசியை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அண்ணை, வெளிக்கிடுங்கோ."

"ஜெசி, நீ குறை நினையாதை. சும்மா பயணமெண்டால் நானே முன்னுக்கு ஏறியிருப்பன். இது கலியாண வீட்டுக்குப் போற பயணம். இந்த நேரத்திலை நான் படி இறங்கி, நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதும் ஒண்டெண்டால் ஆரைச் சொல்லுவினம்? தாய்மாமனைத்தான் சொல்லுவினம். ஏன், நானே என்னைச் சொல்லுவன்."

அதுவரைக்கும் அந்த மனுசனைப் பிடிவாதக்காரன் என்றே நினைத்திருந்தேன். இல்லை, அவர் என் கட்சி. பயந்த கட்சி. பயந்தவரிடம் "பயப்படாதே" என்று சொல்லி ஒரு பிரயோசனமும் இல்லை. அறுபது வருடமாக எனக்கு எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். பயத்தோடு சண்டை பிடிக்கக்கூடாது. அந்தப் பயத்துக்குள் எங்கேயோ ஒரு கதவு இருக்கும், அதைத் தேட வேண்டும்.

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "ஐயரைக் கேட்டனான், அங்கத்தைய நேரத்துக்கு இராகு வேறயாம்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொன்னால் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அங்கே ஃபாதருக்கு இராகு காலம் என்றால் என்ன என்று பிரெஞ்சில் விளங்கப்படுத்த வேண்டும். அதற்கு என் பிரெஞ்சு போதாது. அப்போதுதான் கவுண்டருக்குப் பின்னால் கிடக்கிற பைகள் ஞாபகம் வந்தன.

"அண்ணை, பிஷ்ணுவிட்டைக் குடுங்கோ. பிஷ்ணு, பெட்டியள் எங்கை?"

"லாபிலதான் இருக்கு. சார் தொடவே வுடல."

"ஒண்டுகூட ஏத்தேல்லையோ?"

"ஒரு டப்பா மட்டும் காலைலயே ஏத்துனேன். ரைஸ் குக்கர். கால்ல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அதான் எடுத்துட்டுப் போய் வண்டில வச்சேன்."

"எத்தினை மணிக்கு?"

"பதினோரு மணி இருக்கும். டீ குடிச்சிட்டு வந்து ஏத்துனேன். அப்ப டிரைவர் வரல, வண்டி பின்னாடி சந்துல நின்னுச்சு."

"திரும்ப அண்ணையிட்டைக் குடு," என்றேன்.

"அண்ணை, இண்டைக்குப் பதினொரு மணி எப்பிடி நேரம்?"

தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. மனுசன் கோயில் கலண்டரை மடியிலேயே வைத்திருந்திருக்கிறார். "பதினொண்டு… திறமான நேரம். அப்ப வெளிக்கிட்டிருக்க வேணும். அப்ப வான் வரேல்லை."

"வான் வந்தது, அண்ணை. உங்கட றைஸ் குக்கர் அதிலை ஏறி இருக்குது. அது பதினொரு மணிக்கே வெளிக்கிட்டிட்டுது. ஊரிலை பெட்டியை வைக்கிற மாதிரித்தானே? உங்கட சாமான் வெளிக்கிட்டால் நீங்கள் வெளிக்கிட்ட மாதிரி. பயணம் தொடங்கி எவ்வளவு நேரம்! நீங்கள்தான் இன்னும் சோபாவிலை இருக்கிறியள்."

தில்லையண்ணை மெதுவாக, "அது என்ரை சாமானெல்லே? தங்கச்சிக்கும் மற்றாக்களுக்கும் எப்பிடிக் கணக்கு?" என்றார்.

"அண்ணை, உந்த ரெண்டு கிழமையும் அதிலை ஆர் சாப்பிட்டது?"

"எல்லாரும்தான்."

"அப்ப அது எல்லாரின்ரை சாமான்தானே?"

ஒரு டசின் பேரும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். பிறகு கமலாக்காவின் குரல், கார்டறீக் குரல், கேட்டது.

"அண்ணை, சப்பாத்தைப் போடுங்கோ. அது மற்றக் கால். கெட்டிக்காரன்."

உங்களுக்கு இதில் என்ன பாடம் என்று கேட்டால், நம்பிக்கை இல்லாத இடத்திலும் மற்றவரின் நம்பிக்கையை மரியாதையாகத் தெரிந்து வைத்திருங்கள். இத்தனை வருடம் அந்தப் பைகளை நான் வாங்கி வைத்தது சும்மா இல்லை. உண்மையான பதினொரு மணியை ஒரு பரோட்டாக்காரன் தெரியாமல் செய்து வைத்திருந்தான். நான் அதைக் கண்டுபிடித்ததுதான். கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன், அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் நிதானம் என்பது பொய்க்கு முன்னால் இன்னும் ஒரு கேள்வி கேட்பது.

வான் புறப்பட்டது. பிஷ்ணு தொலைபேசியை நிறுத்தாமல் முன்னுக்கு வைத்திருந்தான். நான் குசினியில் இருந்து அந்தப் பாதையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்துகிற சத்தம், யாரோ அதட்டுகிற சத்தம், ரிக்கற் தாள்கள் கைமாறுகிற சத்தம், திரும்பவும் ஓட்டம். எரிந்த மணம் அடிக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

அப்போது கமலாக்கா கேட்டார். "தம்பி, உமக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"

"ஒரு பொண்ணுக்கா. காலேஜ்ல படிக்குது."

"இப்ப எங்கை?"

"ரோட்டுலதான். முந்தாநாள் வெளிய போனா. ஃப்ரெண்ட்ஸ் வீட்ல இருக்கேன்னு ஒரு மெசேஜ் வந்துச்சு. அப்புறம் ஒண்ணும் வரல."

"ஐயோ, அப்ப எங்களை ஏன் ஏத்திக்கொண்டு ஓடுறீர்?"

"உங்க பொண்ணு கல்யாணம்க்கா. உங்கள வுட்டுட்டு, அப்புறம் தேடப் போறேன்."

"பிஷ்ணு, எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்றேன்.

"நீங்க ரொம்ப டென்சன்ல இருந்தீங்க. இதையும் எதுக்கு சேக்கணும்னுதான்க்கா." இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அதன் பிறகு தொடர்பு அறுந்துவிட்டது.

சனிக்கிழமை டோர்வலில் கண்ணாடிக் கதவு திறக்கத் திறக்க, அபி ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்த்தாள். கடைசியில் கமலாக்கா தள்ளுவண்டியோடு வந்தார். அபி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். தாய் அவளின் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார்.

"இந்த மருதோண்டி ஆர் போட்டது? நண்டு ஊர்ந்த மாதிரிக் கிடக்கு."

அபி அழுகையும் சிரிப்புமாக நின்றாள். கமலாக்கா அவளை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். "பிஷ்ணு தம்பியின்ரை பிள்ளை வந்திட்டுதோ?"

"அழைச்சுக்கொண்டே இருக்கிறன் அக்கா. எடுக்கிறானில்லை."

அடுத்த நாள் லாசால் மண்டபத்தில் மேளம் தொடங்கியது. அதற்குள் அங்கே வாட்ஸப்பைத் திறந்துவிட்டிருந்தார்கள், நாடும் கொஞ்சம் அமைதியாகியிருந்தது. பிஷ்ணு மட்டும் எடுக்கவில்லை. நான் மணவறைக்குப் பக்கத்தில், கலியாணப் படம் பிடிக்கிறவர்களின் வயர்களுக்கு நடுவில் தொலைபேசியோடு நின்றேன். பயணிகள் எல்லாரும் பத்திரமாக வந்துவிட்டார்கள், கணினியில் அந்தக் குறூப்பை முடித்தாகிவிட்டது. முடியவில்லை, பிள்ளைகளே. உங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தால் பாதிதான் முடிந்தது. அவர்களை ஏற்றிவிட்டவனும் வீட்டுக்குப் போனானா என்று கேட்டபிறகுதான் மிச்சம். அது கணினியில் இல்லை.

ஐயர் தாரை வார்க்கிற மந்திரத்துக்கு வந்துவிட்டார். அபியின் அப்பா மகளின் கையை எடுத்தார். கமலாக்கா செம்போடு நின்றார். நின்றவர் செம்பைச் சரிக்காமல் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், இல்லை.

"ஒருக்கா அடி ஜெசி," என்றார், மேடையில் நின்றபடி.

"அக்கா, இப்பவோ?"

"என்னை என்ரை பிள்ளையிட்டைக் கொண்டுவந்து சேர்த்தவன். அவன்ரை பிள்ளை வந்ததோ எண்டு தெரியாமல் நான் எப்பிடித் தண்ணி வார்க்கிறது?"

சனம் முணுமுணுத்தது. மாப்பிள்ளை வீட்டார் ஆளையாள் பார்த்தார்கள். முகூர்த்தம் போகிறது. எனக்குத் தெரியும், இப்போது ஒரு ஆள் வெடிப்பார். தில்லையண்ணை எழும்பினார். மணிக்கூட்டைப் பார்த்தார், தங்கச்சியைப் பார்த்தார். பிறகு நேரே ஐயரிடம் போய்க் குனிந்தார். ஐயரின் சால்வையில் குத்தியிருந்த மைக்கில் முழு மண்டபத்துக்கும் கேட்டது.

"ஐயா, அந்த மந்திரத்தைக் கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ."

ஐயர் அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒவ்வொரு சொல்லாக, பாலர் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற மாதிரிச் சொல்லத் தொடங்கினார். நான் அடித்தேன். மணி போனது. போனது. எடுத்தான்.

"அக்கா! ஸாரிக்கா, தேடி அலைஞ்சதுல போன் கீழ விழுந்து உடைஞ்சிருச்சு. இப்பதான் சரி பண்ணி வாங்குனேன்."

"மகள்?"

"வீட்லதான்க்கா. கால்ல கட்டு. வாய் மட்டும் நல்லா இருக்கு, காலைலேர்ந்து என்னத் திட்டிட்டே இருக்கா. என்னக்கா அங்க ஒரே அமைதியா இருக்கு? கல்யாணம் முடிஞ்சிருச்சா?"

நான் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக் கமலாக்காவுக்குத் தலையை ஆட்டினேன், ஓம்.

அவர் செம்பைச் சரித்தார். தில்லையண்ணை தோளில் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு ஐயர் பக்கம் திரும்பினார்.

"சரி ஐயா, இனி ஓட்டுங்கோ."